இழுத்தடிக்கும் ஸ்ரீரங்கன்

ஸ்டாம்ப் பேடின் மூடியைத் திறந்து, ஆள்காட்டி விரலால் ஓர் அழுத்து அழுத்தி, அந்த விரலைக் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் மாணவனிடம் காட்டுகிறார் ஸ்ரீரங்கன். விரலில் மை இல்லை. "பாத்தியா, காஞ்சு கெடக்கு. நாளைக்கு வாப்பா." நாளைக்குப் போனால் கல்லூரி முதல்வர் மீட்டிங்கில் இருப்பார். அதற்கு மறுநாள், நூலகத்திலிருந்து 'பாக்கி இல்லை' என்று வரவேண்டிய சீட்டு வந்திருக்காது. வந்திருந்தால் அவருடைய டிராயரிலேயே படுத்திருக்கும்.

நந்தனத்தில் ஒரு தனியார் கலைக் கல்லூரி. அதன் அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. எழுதிக் கொடுக்கிற நாற்காலி இவருடையது. மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். சட்டைப் பையில் பேனா, சீப்பு, கற்கண்டுப் பொட்டலம். யாராவது அவசரப்படுத்தினால் ஒரு கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, அது கரையும்வரை பேசமாட்டார். சோம்பேறிப் பட்டம் கல்லூரி முழுக்கப் பரவியிருக்கிறது. அதைப் பற்றி அவருக்குத் துளியும் கவலை கிடையாது.

கொஞ்சம் கூர்ந்து கவனித்தால்தான் விஷயம் பிடிபடும். படிப்பை முடித்துவிட்டு வருகிறவர்களுக்கு ஸ்டாம்ப் பேடில் எப்போதும் மை இருக்கும். காப்பி ஆறுவதற்குள் டி.சி. கைக்கு வந்துவிடும். இந்த வறட்சியெல்லாம் பாதியில் நிற்க வருகிறவர்களுக்கு மட்டும்தான். டி.சி. வாங்காமல் நின்றால் பெயர் பதிவில் இருக்கும். பிறகு வந்து, விட்ட செமஸ்டரிலிருந்து தொடரலாம். வாங்கிவிட்டால் அந்த இடம் போயே போயிற்று. வேறெங்காவது முதலாம் ஆண்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அரியரைக் கண்டு மிரண்டவன், அப்பாவோடு சண்டை போட்டவன், காதலியின் முகத்தில் விழிக்க முடியாதவன் எல்லோரும் இந்தக் கவுன்ட்டருக்குத்தான் வருகிறார்கள். நான்கு நாள் அலையவிட்டால் பாதிப் பேருக்குப் புத்தி தெளிந்துவிடும் என்பது அவர் கணிப்பு. தெளிந்தும் இருக்கிறது. அதில் ஆசாமிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தக் கர்வம் ஒரு முறை வசமாக அடி வாங்கியது. தல்ஹா என்ற பையன் டி.சி. கேட்டு வந்தான். அவனுக்கு வேலூர்ப் பக்கம் பார்மசி படிக்க இடம் கிடைத்திருந்தது. கூச்ச சுபாவம், வாய் திறந்து சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை, வழக்கம்போல இழுத்தார். அங்கே சேர்க்கைக்குக் கடைசி நாள் தாண்டிவிட்டது. மறுநாள் பையனின் தாயார் வஜீஹா வந்தார். சத்தம் போடவில்லை.

"என் பையனுக்கு ஒரு வருசம் பூடுச்சு சார். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்களாம். யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

அன்று மத்தியானம் ஸ்ரீரங்கன் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்கிறார். அப்போதிலிருந்து பாதியில் நிற்க யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "வேற எங்கயாவது சீட் கெடைச்சுடுத்தா?" ஆமாம் என்றால் உடனே பேனாவைத் திறப்பார். இல்லையென்றால் மை காய்ந்துபோகும்.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? இந்த ரகசியம் ஒரே செமஸ்டரில் கேன்டீன்வரை போய்விட்டது. போன டிசம்பரில் பொன்மணி டி.சி. கேட்டு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஊரூர் குப்பத்துப் பெண், பி.காம். மூன்றாம் ஆண்டு. ஒரே ஒரு செமஸ்டர்தான் பாக்கி. அவர் கேட்பதற்கு முன்பாகவே, "சீட் கெடைச்சிடுச்சு சார்" என்றாள்.

ஸ்ரீரங்கன் பேனாவைத் திறந்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். "டிசம்பர்ல எந்தக் காலேஜ்மா சேத்துக்கறா?"

பொன்மணி மழுப்பவில்லை. நேராகவே சொன்னாள். "அப்பாக்கு கால்ல ராடு வெச்சிக்கீறாங்க சார். கடலுக்குப் போவ முடியாது. தி.நகர்ல ஜவுளிக் கடையில வேலை கீது. பரீட்சைன்னு நடுவுல ஓடிப்பூடுவேன்னு, டி.சி. வாங்கிக் காட்டினாத்தான் சேத்துப்பாங்களாம். திங்கக்கெழம சேரணும்."

வேறொரு நாளாக இருந்தால் ஸ்டாம்ப் பேடை நோக்கிக் கை போயிருக்கும். போகவில்லை. அவர் கற்கண்டும் எடுக்கவில்லை. டி.சி. வாங்கினால் என்ன ஆகும், வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் நிதானமாகச் சொன்னார். பெயர் இருந்தால் அடுத்த வருஷம் வந்து அந்த ஒரு செமஸ்டரை முடித்துவிடலாம் என்றார். கடைசியில், இத்தனை வருஷ உத்தியோகத்தில் எவரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இது உன் படிப்பு. எழுதட்டுமா, வேண்டாமா? நீயே சொல்லு."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை. "பேரு இருக்கட்டும் சார்" என்றாள். "ஆனா வேலையும் வேணும்."

இரண்டும் எப்படிக் கிடைக்கும்? வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஸ்ரீரங்கன் கடை மேலாளரின் எண்ணை அவளிடம் கேட்டு, அலுவலகத் தொலைபேசியை இழுத்து வைத்துக்கொண்டார். மேலாளர் பெயர் சண்முகவேல், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், காரியத்தில் கறார்.

"வணக்கம் சார், காலேஜ் ஆபீஸ்லேருந்து பேசறேன். பொன்மணி அப்ளிகேஷன் குடுத்துட்டா. டி.சி.தான் லேட்டாகும். எப்போன்னு சொல்ல முடியாது... அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை சார். நான்தான் மெதுவாப் பண்ற ஆசாமி. எங்க காலேஜ்ல யாரை வேணா விசாரிச்சுக்கோங்கோ, சொல்லுவா."

மறுமுனையில் சண்முகவேல் அரசாங்கம், ஆபீஸ், குமாஸ்தா என்று சகட்டுமேனிக்குத் திட்டுவது வரிசையின் கடைசிவரை கேட்டது. ஸ்ரீரங்கன் ஒவ்வொன்றுக்கும் "வாஸ்தவம் சார்" என்றார். பாட்டு கேட்கிறவர் மாதிரி தலைகூட ஆடியது. அந்தப் பெண் திங்கட்கிழமை வந்து சேரட்டும், சான்றிதழ் வருகிறபோது வரட்டும் என்று மேலாளர் அலுத்துப்போய் முடித்தார்.

ஸ்ரீரங்கன் போனை வைத்தார். பொன்மணியின் விண்ணப்பத்தை எடுத்து ஒரு முறை முழுக்கப் படித்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, மேஜை ஓரம் இடுப்பளவு நின்ற பழைய கோப்புக் கட்டை மூச்சுப் பிடித்து ஒரு கையால் சற்றே சாய்த்து, அதற்கு அடியில் அந்தக் காகிதத்தை மடங்காமல் வைத்தார்.