ரங்கூன்காரர் வைத்த பானை

அரியலூரில் அவரை ரங்கூன்காரர் என்றுதான் சொன்னோம். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது துறைமுக வேலையை விட்டுவிட்டு, காடும் மலையுமாக நடந்தே திரும்பியவர். ஒல்லியான ஆள். கைலியைப் பர்மாக்காரர்களைப்போல முன்னால் பெரிய முடிச்சாகச் செருகியிருப்பார்.

ஸ்டேஷன் சாலையில் குடிவந்ததும் வாசலில் மண்பானையும் ஒரு தகரக் குவளையும் வைத்தார். கோடையில் தண்ணீர்ப்பந்தல் போடும் ஊர்தான் எங்களுடையது. ஆனால் அங்கே ஊற்ற ஓர் ஆள் நிற்பார். சிலருக்குக் குவளையில் கொடுப்பார், சிலருக்கு ஏந்திய கையில் ஊற்றுவார். இங்கே அப்படி ஆள் இல்லாததால் பானையைத் தொடவே ஊர் யோசித்தது. இரண்டு முறை யாரோ குவளையைச் சாக்கடையில் எறிந்தார்கள். அவர் எடுத்துக் கழுவி மறுபடியும் வைத்தார்.

ஒரு பங்குனி மதியம், தெருக்கூட்டுகிறவர் அதில் குடித்துவிட்டுப் போவதைப் பார்த்தேன். ரங்கூன்காரர் வெளியே வந்து, அதே குவளையில் மொண்டு தானும் குடித்தார்.

"இது யாருக்கு வச்சதுங்க?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி பிடிபடச் சற்று நேரமாயிற்று.

"ரங்கூன்ல வூட்டுக்கு வூடு பானை இருக்குங்க. சீனாக்காரர் குடிப்பாரு, அப்புறம் ஒரு சாயபு, அப்புறம் நான். யாருக்குன்னு அங்க ஒருத்தரும் கேட்டதில்லீங்க. அந்தத் தெருவே இப்ப இருக்கோ என்னமோ."

குவளையை மறுபடியும் நிரப்பி என்னிடம் நீட்டினார். "குடிங்க சார்."

"தாகமில்லைங்க" என்றேன்.

நாலு மைல் வெயிலில் நடந்து வந்திருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நம்பியவர்போலத் தலையாட்டினார்.