சறுக்குமர மேடம்

சறுக்கி வந்து மணலில் இறங்கியவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "மேஸ்திரி, நடுவுல ஒரு ஆணி தலையை நீட்டுது. எனக்கே சுருக்குனு குத்துதுன்னா குழந்தைங்க கதி என்ன?"

மேஸ்திரி தடவிப் பார்த்தார். ஆணி இருந்தது.

வளர்ந்துகொண்டிருக்கும் இந்தப் புது நகரத்தில் பள்ளிக்கூடங்களும் விளையாட்டு மைதானங்களும் கட்டித்தரும் பொறியாளர் இந்த அம்மாள். ஐம்பதைத் தொடப்போகிறார். தான் ஏறிப் பார்க்காத சறுக்குமரத்தில் எந்தக் குழந்தையையும் ஏறவிட மாட்டார். அதனால் ஊருக்கே அவர் 'சறுக்குமர மேடம்'. தையல்காரரான கணவருக்கு இதில் தனிக் குறை உண்டு. "மத்த அதிகாரிங்களுக்கெல்லாம் பேண்ட் நாற்காலியில தேயுது, எங்க வீட்டம்மாவுக்குச் சறுக்குமரத்துல தேயுது. ஒட்டுப் போட்டே என் கை ஓஞ்சுபோச்சு."

புதிதாகக் குடிவருகிறவர்கள் லாரியிலிருந்து கட்டிலை இறக்கும்போதே பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டுவிடுகிறார்கள். போன வருடம் கட்டடம் எழும்பாத நிலையில், விற்காமல் கிடந்த வீடுகளின் சாவியை வாங்கி அங்கேயே பள்ளியைத் தொடங்கிவிட்டார் மேடம். கூடத்தில் மூன்றாம் வகுப்பு, படுக்கையறையில் இரண்டாம் வகுப்பு, சமையலறையில் ஒன்றாம் வகுப்பு. குழாயும் தொட்டியும் வசமாகிவிட்டதால் ஒன்றாம் வகுப்புக்காரர்கள் எப்போதும் நனைந்தே இருந்தார்கள். "இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா?" என்று ஒரு அப்பா கேட்டாராம். "டீச்சர் இருக்காங்க, புள்ளைங்க இருக்கு. சுவர் மெதுவா வரட்டுமே!" என்றாராம் மேடம்.

சுவரும் வந்தது. அதோடு வம்பும் வந்தது. பள்ளியை ஒட்டிய மைதானத்தைக் கார் நிறுத்தக் கொடுக்கவேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கேட்டது. பூசாத வகுப்பறை ஒன்றில் கூட்டம் நடந்தது. சங்கச் செயலாளர் வங்கியில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்.

"மைதானமே வேணாம்னு சொல்லல மேடம். வண்டி நிறுத்த இடம் பத்தல. விளையாட்டுதானே, வேற எங்கயாவது பார்த்துக்கலாம்."

"விளையாட்டை விளையாட்டா எடுத்துக்காதீங்க சார். உங்க பேத்தி சாயங்காலம் எங்க விளையாடுறா?"

"கீழதான்... கார் நிக்கிற இடத்துல."

யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "போன வாரம் அங்கதான் ஒரு கார் ரிவர்ஸ்ல வந்து சின்ன சைக்கிள் ஒண்ணை நசுக்கிடுச்சு. ஓட்டின புள்ள தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனதால தப்பிச்சா. கார் நிக்கிற இடத்துல புள்ளைங்களை விட்டுட்டு, புள்ளைங்க இடத்துல காரை விடணுமா?"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நியாயந்தான். ஆனா வண்டியைத் தலையிலயா வச்சுக்கிறது?"

"எங்க ஆபீஸ் கட்ட ரோட்டோரமா ஒரு மனை ஒதுக்கியிருக்கு. அதுல நிறுத்திக்குங்க. மேலிடத்துல நான் பேசிக்கிறேன்."

பக்கத்தில் இருந்த உதவிப் பொறியாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "மேடம், அப்போ நாம எங்க போறது?"

"நமக்கென்னப்பா, ஒரு தகரக் கொட்டகை போதும்."

மேலிடம் லேசில் இறங்கி வரவில்லை. இவர் ஒற்றைக்காலில் நின்று சம்மதம் வாங்கினார். இப்போது மைதானத்து மூலையில் அந்தக் கொட்டகைதான் அலுவலகம். மதியத்தில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் வெந்துபோவார். உதவிப் பொறியாளர் முணுமுணுப்பதை மேடம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

புதுக் கட்டடத்தில் பள்ளி திறந்த அன்று சாயங்காலம் போயிருந்தேன். மைதானத்துக்குப் போகும் வழியில் ஓர் இரும்புக் கதவு. அதற்கு இன்னும் கொக்கி மாட்டவில்லை. மேடம் யாரிடமோ போனில், "நீச்சல்குளத்துக்குத் தண்ணி வராதுன்னு சொல்லாதீங்க, எப்ப வரும்னு சொல்லுங்க" என்று பேசிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் மடை திறந்ததுபோல் ஓடிவந்தார்கள். காற்றில் கதவு அவர்கள் பக்கம் திரும்பியது. அவர் பேச்சை நிறுத்தாமலே நகர்ந்து, கதவில் முதுகைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றார், கடைசிப் பிள்ளை மைதானத்துக்குள் போகும்வரை.