நஞ்சுக்கொடி விழும்வரை

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். சண்டைக்கு முன் நான் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவள். பள்ளியை மூடிவிட்டார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு கிடையாது. கைக்குழந்தைக்குக் கொடுக்க என்னிடம் பால் வற்றிவிட்டது. எங்கள் சினைப்பசு ஈன்றால்தான் மகளுக்குப் பால்.

ஒரு காலையில் ஈன்றது. கிடாரிக் கன்று. தாய் நக்கி முடிப்பதற்குள் தள்ளாடி எழுந்து மடியைத் தேடியது. கணவர் அதை இழுத்துக் கொட்டகைத் தூணில் கட்டினார்.

"என்னங்க, அது பசியில நிக்குது."

"நஞ்சுக்கொடி விழட்டும். அதுக்குள்ள ஊட்ட விட்டா கொடி உள்ளயே தங்கிடும். பசு போச்சுன்னா பிள்ளைக்குப் பால் ஏது?"

மகளை நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அது சரியென்றே பட்டது. லயத்து வீடுகளில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்.

பக்கத்து வீட்டு அக்கா தகரக் குவளையோடு வந்து நின்றார். "சீம்பால்ல எனக்கும் ஒரு வாய் வையி தங்கச்சி. சீனி இல்லேன்னா என்ன லா, சீனி சீனின்னு பேரச் சொல்லிக்கிட்டே தின்னுடுவேன்."

வெயில் சாயும்போதுதான் கொடி விழுந்தது. அவிழ்த்துவிட்டும் கன்று மடியை முட்டவில்லை. காம்பை வாயில் வைத்தோம். இரண்டு மிடறு இறங்கியது, அவ்வளவுதான். மிச்சத்தைக் கறந்து அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தோம். பிறந்த சில மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பாலில்தான் நோயைத் தாங்கும் சக்தி தாயிடமிருந்து கன்றுக்குப் போகிறது, தாமதித்தால் குடல் அதை ஏற்காது என்று, சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து ஒரு மாட்டு வைத்தியர் சொன்னார். அன்று அங்கே யாருக்கும் தெரியாது.

கன்று வெள்ளையாகக் கழிய ஆரம்பித்தது. கொய்யாக் கொழுந்தை அவித்து ஊற்றினோம். முதலில் கத்திக்கொண்டே இருந்தது. பிறகு கத்தலை நிறுத்தி, கழுத்தை மடித்துப் படுத்துக்கொண்டது.

"தேறுது" என்றார் கணவர்.

மறுநாள் செத்துக் கிடந்தது.

கன்று இல்லாமல் பசு பால் சுரக்க மறுத்தது. கணவர் தோலை உரித்து, லாலாங் புல்லை அடைத்துத் தைத்தார். பசு அதை நக்கி நக்கிச் சுரந்தது. மகள் குடித்தாள். கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. தோலைப் பதப்படுத்த உப்பு எங்கும் கிடைக்கவில்லை, சாம்பலைத் தேய்த்திருந்தோம். மழை பிடித்துக்கொண்டது. தோல் நாறிப் புழுத்தது. ஒருநாள் பசு அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதோடு மடி வற்றியது.

மரவள்ளி மாவைக் கரைத்துக் காய்ச்சி மகளுக்கு ஊற்றினோம். அவளுக்கும் வயிற்றால் போனது. விடாமல் அழுதாள். ஒரு பிற்பகலில் அழுகை நின்றது.

அக்கா எட்டிப் பார்த்தார். "அப்பாடா, பிள்ள அடங்கிட்டா. நீயும் கொஞ்சம் கண்ண மூடு தங்கச்சி."

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கன்று எப்படிப் படுத்திருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். விளக்கு வைக்குமுன் மகள் போய்விட்டாள்.

பிறகு பிறந்த பிள்ளைகள் வீட்டில் எவ்வளவு கத்தினாலும் நான் அதட்டுவதில்லை. சத்தம் நின்றால்தான் எழுந்து ஓடுகிறேன்.