தேரிக்காக வாங்கிய வண்டி

எங்கள் வீட்டில் ஆறு பேர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வண்டி வாங்கக் கிளம்பிய நாளிலிருந்து இதை என்னைத் தவிர யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்கள் மகள், நான். பம்பாய்ச் செம்பூரில் ஒரே வீட்டில், காலையில் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கிறவர்கள். அந்த வரிசையில் நின்றவர்களுக்கு எண்ணிக்கை எப்படி மறக்கும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பழைய சின்ன காரைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பெரிதாக வாங்குவது என்று பேச்சு வந்தது. வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் நான் மட்டும்தான். தம்பி லோக்கல் ரயிலிலேயே வளர்ந்தவன். அவனிடம் லைசென்ஸ் இருக்கிறது, பர்ஸைவிட்டு அது வெளியே வந்ததில்லை. ஓட்டுகிறவள் நான் என்பதால் தேர்ந்தெடுப்பதும் நான்தான் என்று அப்பாவியாக நம்பினேன்.

கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று ஏழு பேர் உட்காரக்கூடியது, படி தாழ்வு, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். இன்னொன்று ஐந்து பேருக்கானது, உயரம், நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஷோரூமில் அதை ஆல் வீல் டிரைவ் என்றார்கள். தம்பி அதைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ பட்டம் வாங்கியவன் மாதிரி சொன்னான். அம்மா முதல் தடவை கேட்டதும், “எல்லாக் காருக்கும் நாலு வீலுதான இருக்கு? இதுல மட்டும் என்னலே அதிசயம்?” என்றாள்.

எனக்கும் அதே கேள்விதான். தாராவியில் எங்கள் பழைய சந்துக்குள் ஒரு சக்கரம்கூட நுழையாது. சயான் சிக்னலில் நான்கு சக்கரமும் இழுத்தால் என்ன, இழுக்காவிட்டால் என்ன, முன்னால் நிற்கிற பஸ் நகர வேண்டும். மழைக்காலத்துக்கு உதவும் என்றான் தம்பி. தேங்கின தண்ணீரில் வண்டி நிற்பது இன்ஜினுக்குள் தண்ணீர் போவதால், சக்கரத்தால் இல்லை என்று விளக்கினேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் மனதில் இருந்தது மழை இல்லை, மணல்.

எங்கள் குலசாமி ஒரு சாஸ்தா. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுக்குள் இருக்கிறார். தேரி என்றால் செம்மணல் மேடு. வெயிலில் காலை வைத்தால் கொப்பளிக்கும், சக்கரத்தை வைத்தால் புதையும். பங்குனி உத்திரம் வந்தால் தாராவி, செம்பூர், சுனாபட்டி என்று சிதறிக்கிடக்கிற எங்கள் ஆட்கள் அவரவர் சாஸ்தாவைத் தேடி ரயிலேறிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம், அப்பாவுக்குப் பக்கவாதம் வரும்வரை.

அப்பா தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். யாரிடமும் எதற்கும் கை நீட்டாத மனிதர். பக்கவாதம் வந்த பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு போன பங்குனியில், வாடகை வேன் தார் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ட்ராக்டர்தான். நாலு பேர் அவரைத் தூக்கி ட்ராக்டர் பெட்டியில், பொங்கல் பானைக்கும் விறகுக்கும் நடுவில் வைத்தார்கள். போகும்போதும் பேசவில்லை, சாமி கும்பிட்டபோதும் பேசவில்லை. திருநெல்வேலி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, குழறுகிற நாக்கை நிதானமாகத் திரட்டிச் சொன்னார்.

“இனிமே என்னைய மூட்டையா ஏத்தாதிய. நம்ம வண்டியில கோயில் வாசல்ல போய் எறங்குனா வாரேன். இல்லன்னா நான் வரல.”

அடுத்த பங்குனிக்கு அவர் வரவில்லை. அவர் வராததால் யாரும் போகவில்லை. உத்திரத்தன்று முழுக்க பால்கனியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், மத்தியானம் சாப்பிடவில்லை. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் வேண்டியது ஒன்றுதான், அப்பா சாஸ்தா வாசலில் போய் இறங்க வேண்டும். அதில் எனக்கும் தம்பிக்கும் சண்டையே இல்லை. ஆனால் ஆறு பேரில் ஒருவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகிற வண்டி எப்படிக் குடும்ப வண்டி ஆகும்?

“ஏழு பேர் வண்டியை எடுப்போம். மணல் இருக்கிற தூரத்துக்கு அங்கேயே ஒரு ஜீப் பேசிக்கலாம்,” என்றேன்.

“அப்பா ‘நம்ம வண்டி’ன்னு சொல்லிருக்கார்க்கா. ஜீப் நம்ம வண்டியா?”

“சரி, பூசாரிக்கு ஒரு போன் போட்டு இப்ப வழி எப்படி இருக்குன்னாவது கேளு.”

“அரே, அங்க என்னக்கா மாறப்போவுது? தேரி தேரியாத்தான் இருக்கும்.”

பூசாரியின் நம்பர் அவனிடம்தான் இருந்தது. கேட்டேன், அப்புறம் தருகிறேன் என்றான். மறுபடி கேட்டேன், பழைய போனில் இருக்கிறது என்றான். இது எங்கள் ஆட்களிடம் இருக்கிற ஒரு வியாதி. பம்பாயில் ஒரு கட்டடத்தை இடித்தால் அடுத்த வாரம் என்ன வரும், எந்த மாடியில் லிஃப்ட் நிற்காது என்பதுவரை சொல்லுவார்கள். ஊர் மட்டும் அவர்கள் ரயிலேறிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே நின்றுகொண்டிருக்க வேண்டும். அங்கே ஒரு மின்கம்பம் புதிதாக நட்டிருக்கிறார்கள் என்றால்கூட நம்ப மாட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஷோரூமுக்குப் போனோம். முதலில் ஏழு பேர் வண்டி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், எங்கள் பழைய காரில் அவளை ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இந்த வண்டியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறி, நடு வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். அவள் தனக்காக எதையாவது இயக்கிப் பார்த்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு இன்னொரு வண்டி. பின் சீட்டின் நடுவில், காலுக்குக் கீழே தரை ஒரு மேடு மாதிரி எழும்பியிருந்தது. பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகிற தண்டு அதற்குள் ஓடுகிறதாம். அம்மா அதில் உட்கார்ந்து காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது அவள் விரல்கள் அழுத்திய அழுத்தம் எனக்கு மட்டும் தெரிந்தது.

அதற்குள் முன் சீட்டில் அப்பாவை உட்கார வைத்திருந்தார்கள். கியருக்குப் பக்கத்தில் ஒரு குமிழ். ஷோரூம்காரர் அதைத் திருப்பத் திருப்பத் திரையில் படம் மாறியது. பனி விழுகிற ரோடு வந்தது. செம்பூரில் பனிக்கு எங்கே போவது என்று நான் முணுமுணுத்தேன். பிறகு சேறு வந்தது. அதற்கடுத்து, வளைந்து வளைந்து ஒரு மணல்மேடு.

அப்பா நல்ல கையை நீட்டித் திரையைத் தொட்டார்.

“இது நம்ம தேரியில்லா?”

ஷோரூம்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வியாபாரம் முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொம்மைப் படம்! ஏதோ நாட்டுப் பாலைவனத்தை நினைத்து யாரோ வரைந்தது! ஆனால் அப்பாவின் விரல் அந்தப் படத்தைவிட்டு விலகவில்லை. நான் என்ன செய்யட்டும்? வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி விரல்விட்டு எண்ணினான். “அப்பா, அம்மா, நான், அவ, பாப்பா. அஞ்சு. கரெக்டா இருக்கு.”

“ஓட்டுறது யாருல? சாஸ்தாவா?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என்னையும் சேர்த்தால் ஆறு என்று அப்போதுதான் அவர்கள் முகத்தில் உறைத்தது. பாப்பா மடியில் உட்காருகிற வயதைத் தாண்டியவள். தம்பி மனைவி, “நான் இருந்துக்கிடுதேன் அத்தை,” என்றாள். அம்மா அவளை முழுசாகச் சொல்லவிடவில்லை.

“நீ இல்லாம பொங்க வைக்கது யாரு? எனக்குக் குத்தவச்சு ஊத முடியுமா? நான் எத்தனை தடவை பாத்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க. எனக்கும் சேத்துக் கும்பிடுங்க.”

“ட்ரெயின்ல வாம்மா,” என்றான் தம்பி. உத்திர சீசனில் ரயிலில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். கிடைத்தாலும் அந்த முழங்காலோடு தனியாக அவள் எப்படி வருவாள்? நான் கத்தினேன். ஏழு சீட்டு வண்டி ஒன்று உலகத்தில் இருக்கிறதா இல்லையா என்று கத்தினேன். “ஏட்டி, சும்மா இரு. உங்கப்பா சந்தோசமா இருக்காரு,” என்றாள் அம்மா. அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மணல் படம் போட்ட வண்டி வந்தது. பங்குனியில் கிளம்பினோம். கோலாப்பூர், பெங்களூர், மதுரை என்று நான் ஓட்டிக்கொண்டே வந்தேன், தம்பி மேப் பார்த்து வழி சொன்னான். இடது பக்கம் அப்பா பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து பல நாள் ஆகியிருந்தது. திருச்செந்தூரைத் தாண்டியதும், “இன்னும் அதைத் திருப்பலயா?” என்று குமிழைக் காட்டிக் கேட்டார். “தேரி வரட்டும்பா,” என்றேன்.

பனங்காட்டைத் தாண்டி, முன்பு வேன் நின்ற இடத்துக்கு வந்தோம். நான் குமிழில் கையை வைத்தேன். முன்னால் மணல் இல்லை. சிமெண்ட் ரோடு. வெள்ளை வெளேரென்று, இரண்டு பக்கமும் கரை கட்டி, தேரிக்குள் நேராகக் கோயில் வாசல்வரை போயிருந்தது. எங்களை முந்திக்கொண்டு ஒரு ஆட்டோ போனது. அதன் பின்னால் ஸ்கூட்டரில் இரண்டு பெண்கள், மடியில் தேங்காய்ப் பையோடு.

குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

“மண்ணு எங்கட்டி?” என்றார் அப்பா.

“ரோடு போட்டுட்டாங்கப்பா.”

வாசலில் இறக்கினேன். வாக்கரைப் பிடித்து, சிமெண்டில் தானே நடந்து உள்ளே போனார். யாரும் தூக்கவில்லை. அதைப் பார்த்ததும் என் கண் கலங்கியது உண்மை. அடுத்த நிமிஷமே கோபமும் திரும்பி வந்தது. எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வேண்டாம் என்று சொன்ன அதே ஏழு சீட்டு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அம்மா வயதில் ஒருத்தி யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

தம்பி அந்த வண்டியையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. போனை எடுத்து வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டான். செம்பூர் வீட்டுச் சமையலறையில் அம்மா முகம் தெரிந்தது. விசேஷத்துக்கு உடுத்துகிற சேலையை உடுத்தியிருந்தாள்.

“அப்பா நடந்தே உள்ள போயிட்டாரும்மா. இரு, சாமியக் காட்டுதேன்.”

“நடந்தேவா? மணல்லயா?”

“இல்லம்மா. ரோடு போட்டிருக்கான்.”

“எங்க, அந்த ரோட்டக் காட்டு மொதல்ல.”

தம்பி போனைத் திருப்பிப் பிடித்தான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் கேட்டது.

“நல்லா அகலமா போட்டிருக்கான்,” என்றாள். “சரி, சாமியக் காட்டு.”