குருத்தோலைப் பவனிக்கு வந்த கழுதை

குருத்தோலை ஞாயிற்றுப் பவனிக்கு நிஜமான கழுதை ஒன்று வேண்டும் என்று முதலில் சொன்னது என் மாமாதான். அம்மாவின் தம்பி. எங்கள் சபை வாலிபர் சங்கத்தின் காரியதரிசி. எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அதுவரை பவனி என்றால், அக்கம்பக்கத்து மூன்று சபைகளின் வாலிபர் சங்கத்தாரும் எங்கள் ஊர் முக்கில் கூடி, தென்னங்குருத்தைக் கையில் பிடித்துப் பாடிக்கொண்டே தெருக்களைச் சுற்றிக் கோயிலுக்கு வருவார்கள். பின்னால் பிள்ளைகள், அதற்கும் பின்னால் பெண்கள். அவ்வளவுதான்.

கழுதை என்றதும் மூன்று சங்கங்களுக்குள்ளும் தர்க்கம் கிளம்பிவிட்டது. அதன்மேல் ஆண்டவராக யார் உட்காருவது? பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களிடம் தாடி வளர்த்த வாலிபன் ஒருவன் இருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தோள்வரை முடி வைத்த ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போதகர் ஐயா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கழுதைமேல் ஒருவனும் ஏற வேண்டாம், வெள்ளைத் துணி விரித்து வெறுமனே நடத்தி வாருங்கள், அதில் ஏறி வருகிறவர் யாரென்று ஜனங்களுக்குத் தெரியும் என்று முடித்துவிட்டார். தாடிக்காரன் மறுநாளே சவரம் செய்துகொண்டதாகக் கேள்வி.

இந்தப் பேச்சு எதிலும் அப்பா கலந்துகொள்ளவில்லை. அவர் கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் சபையில் கீர்த்தனை என்றால் அப்பாதான் ராகம் எடுத்துக் கொடுப்பார். முன்வரிசைப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு அவர் ஆரம்பித்தால், அவராக இறங்கி வரும்வரை சபை முழுவதும் காத்திருக்கும். பிறகு வாலிபர் சங்கத்தார் ஆர்மோனியம் வாங்கினார்கள். மாமா அதை வாசிக்கப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆனந்தபைரவியில் ஏறி நின்றுகொண்டிருந்தபோது, ஆர்மோனியம் அவரைக் காத்திராமல் அடுத்த அடிக்குப் போய்விட்டது. சபையும் அதன் பின்னாலேயே போயிற்று. அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். போதகர் ஐயா, போதும் என்பதுபோல லேசாகக் கையைக் காட்டினார். அப்பா நேரியலை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனவர்தான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை மணி அடிக்கும்போது அவர் தோட்டத்துக் கிணற்றில் துலா இறைத்துக்கொண்டிருப்பார். இறைக்கும்போது பாடுவார். கோயில்வரை கேட்கும். மாமாவோடு பேச்சுவார்த்தை இருந்தது, ஆனால் வாழைக்குலையைப் பற்றி மட்டும்.

இதெல்லாம் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும்தான் சிக்கலாயிற்று. ஈஸ்டர் முடிந்து கோயிலில் வைத்துக் கல்யாணம். பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போவது தகப்பன்.

"அவ மாமன் கூட்டிட்டுப் போவட்டும். அவன் கையிலதான எல்லாம் இருக்கு" என்றார் அப்பா.

அக்கா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அம்மா வைத்த குழம்பில் உப்பே இல்லை. அப்பா அதையே சாப்பிட்டு எழுந்தார்.

பவனிக்கு ஒரு வாரம் இருக்கையில் மாமா கழுதையோடு வந்தார். கோட்டாற்று உப்பு வியாபாரி ஒருவர் அவருக்குச் சிநேகிதர். மணக்குடிப் பக்கத்திலிருந்து உப்புச் சுமந்து வரும் கழுதை அது. வயிற்றோரம் வெளுத்து, முதுகு முழுக்கச் சாம்பல் நிறம். தினமும் சாயங்காலம் மாமா அதை எங்கள் நடைவாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். எங்கள் முற்றத்துக் கொல்லாமரம், முந்திரிதான், அப்போது காய்த்துக் கிடந்தது. அதன் பழத்தைக் கழுதைக்கு ஊட்டும் வேலை எனக்கு.

"மக்களே, இந்த நடைவாசல்ல வச்சுத்தான் கொடுக்கணும், கேட்டியா? வேற எங்கயும் வச்சுக் கொடுக்கப்பிடாது."

"ஏன் மாமா?"

"ஆளு கூட்டத்தக் கண்டா வெரளும்லா. எங்கயாவது ஒரு எடத்துல பழகட்டும்."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. கழுதை பழத்தைச் சாறு ஒழுகக் கடித்துத் தின்றுவிட்டு, என் பாவாடையில் மூக்கைத் துடைக்கும். அப்பா உள்ளிருந்து எட்டிப் பார்ப்பார்.

"உன் தம்பி எதுக்குட்டி கழுதைய நம்ம வாசல்ல கொண்டு நிறுத்துதான்?"

"எனக்கென்ன தெரியும்?" என்பாள் அம்மா.

"அவன் ஆர்மோனியத்தக் காட்டிலும் இதுக்க சத்தம் கொள்ளாம்."

குருத்தோலை ஞாயிறு விடிந்தது. மூன்று ஊர் வாலிபர்களும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முக்கில் கூடினார்கள். சங்கக் கொடி முன்னால் போயிற்று. அதன் பின்னால் வெள்ளைத் துணி விரித்த கழுதை, அதன் கயிற்றைப் பிடித்தபடி உப்பு வியாபாரி, பக்கத்திலேயே ஆர்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட மாமா. பிள்ளைகளில் நான்தான் முதல் வரிசை. கழுதை என்னை விட்டு விலகாது என்று மாமா சொல்லியிருந்தார். அம்மாவும் அக்காவும் கடைசியில் பெண்களோடு வந்தார்கள். அப்பா வீட்டில் இருந்தார்.

கழுதை இரண்டு தெருவை நல்லபடியாகக் கடந்தது. எங்கள் நடைவாசல் வந்ததும் நின்றது.

வியாபாரி கயிற்றை இழுத்தார். நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளினார்கள். காதைப் பின்னுக்கு மடித்தது, தள்ளியவர்கள் விலகிக்கொண்டார்கள். கொடி பிடித்தவன் வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி ஓடிவந்தான். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்கள்மேல் இடித்தார்கள்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார் வியாபாரி. "இது உப்புச் சுமந்த கழுதை. வேதத்துக்குப் பழக்கம் இல்ல."

"சும்மா நிக்காண்டாம், பாட்டப் பாடுங்கலே" என்று சொல்லிவிட்டு மாமா ஆர்மோனியத்தை அழுத்தினார். எடுத்தது அப்பாவின் கீர்த்தனை. அதே ஆனந்தபைரவி. ஆனால் இப்போது மாமா அதைப் பள்ளிக்கூட டிரில்லுக்குக் கால் வைப்பதுபோல அவ்வளவு வேகமாக வாசித்தார். ஐம்பது அறுபது வாலிபர்களும் அதே வேகத்தில் கத்தினார்கள். எனக்கே சிரிப்பு வந்தது.

முதல் சரணம் முடியவில்லை, எங்கள் வீட்டுக் கதவு திறந்தது.

"நிறுத்துங்கலே!"

அப்பா படியில் நின்றார். கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது.

"பட்டாளத்துப் பாட்டா பாடுதிய? ஒரு மூச்சு விட எடம் கொடுத்தியளா? லேய், அந்தப் பெட்டிய மூடு."

"மூடிட்டேன் அத்தான்" என்றார் மாமா. நிஜமாகவே மூடிவிட்டார். "எங்களுக்குப் பிடி கிடைக்கல்ல. நீங்க எடுத்துக் கொடுங்க."

அப்பா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடினார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஒரு வருஷமாகத் துலாவோடு மட்டும் பாடிய குரல், எங்கள் தெருவில் நின்றவர்களின் தலைக்குமேல் ஏறிப் போயிற்று. ஒருவரும் முந்தவில்லை. அவர் இறங்கி வந்தபோது எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். பின்னால் பெண்கள் பக்கம் அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அம்மா அவ்வளவு உரக்கப் பாடி நான் கேட்டதில்லை.

மாமா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் ஓடிப்போய் ஒரு பழத்தைப் பறித்து வந்து கழுதைக்குக் கொடுத்தேன். அது தின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல நடக்கத் தொடங்கியது.

அந்தக் கீர்த்தனைக்கு ஏழெட்டுச் சரணங்கள். அப்பா எந்தப் பாட்டையும் பாதியில் விடுகிறவர் இல்லை. கழுதை நடந்தது, கூட்டம் நடந்தது, பாடிக்கொண்டே அப்பாவும் நடந்தார். கடைசிச் சரணம் முடிந்தபோது கோயில் வாசலில் இருந்தோம்.

பாட்டு நின்றதும் அப்பாவும் நின்றார். படியேறவில்லை. கூட்டமும் அவருக்குப் பின்னால் நின்றது. போதகர் ஐயா வாசலிலிருந்து இறங்கி வந்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

"அன்னைக்கு நான் கையைக் காட்டியிருக்கக் கூடாது" என்றார். "உள்ளே இன்னும் நாலு பாட்டு இருக்கு. நீங்க முன்னால போங்க. ஆர்மோனியம் பின்னால வரும்."

அப்பா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அப்பா படியேறினார்.

ஈஸ்டர் முடிந்து அக்காவைக் கைபிடித்துக் கூட்டிப்போனது அப்பாதான். மாமா ஆர்மோனியம் வாசித்தார், அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டு.

பல வருஷம் கழித்து, அப்பா காலமான பிறகு, மாமா இந்தக் கதையை எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஒரு கழுதையும் கொஞ்சம் கொல்லாம்பழமும் வைத்து அத்தானை ஏமாற்றிவிட்டேன் என்பார். துலாவை விட்டுவிட்டுக் கோபத்தோடு ஓடிவந்தார், எங்கே போகிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். மறுத்துச் சொன்னதில்லை.

அன்று கோயிலில் நான் அப்பாவை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் நீண்டுகொண்டே போயிற்று. அப்பாவின் வேட்டியிலும் நேரியலிலும் காய்ந்த தாழம்பூ வாசனை அடித்தது. அம்மா எங்கள் கட்டிலடி டிரங்குப் பெட்டியில் தாழம்பூ போட்டு வைப்பாள். கோயிலுக்கு உடுத்தும் துணிகள் மட்டும்தான் அதில் இருக்கும். அன்று காலை, நாங்கள் எல்லாரும் முக்குக்குப் போன பிறகு, அப்பா அந்தப் பெட்டியைத் திறந்திருக்கிறார். துவைத்து மடித்ததை எடுத்து உடுத்திக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், தெருவில் பாட்டுச் சத்தம் வரும்வரை.

எனக்கு அந்த வாசனை பிடித்திருந்தது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அவர் மடியில் தலையை வைத்துத் தூங்கிப்போனேன்.