லத்தீஃபாவின் பூஞ்சைப் பொடி

லத்தீஃபாவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. தொழிற்சாலைக் கழிவுநீரில் கலந்த நிக்கலைப் பூஞ்சையால் பிரித்தெடுப்பதுதான் அவருடைய ஆய்வு. பட்டத்துக்குப் பிறகும் தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர் வேலைதான். வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். அந்த அலுப்போடுதான் சனிக்கிழமைகளில் அய்யம்பேட்டைக்குப் பஸ் ஏறினார்.

அங்கே ஜாபிர் சின்னதாக ஒரு முலாம் பட்டறை வைத்திருந்தார். தாழ்ப்பாள், குழாய்களுக்கு நிக்கல் பூசும் வேலை. பூசியவற்றை அலசிவிட்ட பச்சைத் தண்ணீர் வாய்க்கால் வழியே ஆனந்தவல்லி என்ற விவசாயியின் குத்தகை வயலுக்குப் போனது. அவர் புகார் கொடுத்தார். தண்ணீரைச் சுத்தம் செய்யாவிட்டால் பட்டறையைப் பூட்டுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். ஜாபிர் யார் யாரையோ விசாரித்து லத்தீஃபாவிடம் வந்தார். அவருடைய ஆய்வைத் தேடி வந்த முதல் ஆள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆய்வகத்துக் குளிரில் செழித்த பூஞ்சை, பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் அழுகி நாறியது.

"செத்துப்போச்சா லாத்தா?" அக்காவிடம் கேட்பதுபோல் கேட்டார் ஜாபிர்.

"செத்துப்போச்சு தம்பி. பரவாயில்ல. செத்த பூஞ்சையும் நிக்கலப் பிடிச்சு வச்சுக்கும்."

அதன் பிறகு கல்லூரியிலேயே தவிட்டில் பூஞ்சை வளர்த்து, காயவைத்து, பொடித்துக் கொண்டுவந்தார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் அதை அடைத்து, மேலிருந்து கழிவுநீரை விட்டார்கள். அடியில் ஏறக்குறைய நிறமில்லாமல் சொட்டியது. பரிசோதனையிலும் தேறியது. ஜாபிர் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். லத்தீஃபா பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல், நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

ஆடியில் ஒருநாள் பட்டறையின் பின்பக்கம் போனவர், வாய்க்கால் கரையில் தன் பொடி குவிந்து கிடப்பதைப் பார்த்தார். பச்சை ஏறிப்போயிருந்தது.

"யார் கொட்டினது?"

"நான்தான் லாத்தா. பூஞ்சைதானே, மண்ணோட மக்கிடும்னு..."

"பூஞ்சை மக்கிடும். நிக்கல் எங்க போகும்? தண்ணியிலேருந்து எடுத்தோம், அவ்வளவுதான். அது இன்னும் இதுலதான் இருக்கு."

கோபப்படக்கூடத் தெம்பில்லை. கையுறை மாட்டிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். ஜாபிர் அதை வாங்கி, அடிமண்ணோடு சேர்த்துச் சாக்கில் அள்ளினார். அன்று சாயங்காலம் வரை, இனி குழாயிலுள்ள பொடியில் பச்சை ஏறியதும் அதை அமிலத்தில் அலசும் விதத்தை லத்தீஃபா செய்து காட்டினார். நிக்கல் கழன்று கேனில் சேரும். பொடியை மறுபடி உபயோகிக்கலாம். கேனை உலோகம் பிரிக்கும் ஆலைக்கு அனுப்ப வேண்டும். ஜாபிரின் மனைவி அனீஸா ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு அலசுவது அனீஸாவின் பொறுப்பு. லத்தீஃபா மாதம் ஒருமுறை வந்து தண்ணீரைச் சோதித்தால் போதும் என்றானது.

அந்த வருஷம் தாமதமாக அணையில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம், ஆனந்தவல்லி வாய்க்கால் ஓரம் லத்தீஃபாவை நிறுத்தினார்.

"டீச்சர், இனிமே இந்தப் பட்டறைத் தண்ணிய வயலுக்கு விடலாமாங்க?"

"இப்ப வர்றது பரவாயில்லங்க. ஆனா இத்தன வருஷம் மண்ணுல இறங்கினதுக்கு நான் ஒண்ணும் செய்யலங்க."

"அதுக்கு என்ன செய்யணும்?"

"மொதல்ல மண்ண சோதிக்கணும். கொஞ்சம் எடுத்துத் தாங்க, பாக்குறேன்."

சொன்ன பிறகுதான், இன்னொரு வேலையை ஏற்றுக்கொண்டுவிட்டது லத்தீஃபாவுக்கு உறைத்தது. ஆனந்தவல்லி அதற்குள் வரப்பில் இறங்கி நடந்துகொண்டிருந்தார். லத்தீஃபா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்.