கமலவேணி வாங்கிய பெரிய ஸ்பீக்கர்

முப்பது வயது முடிவதற்குள் கமலவேணிக்குக் காது போய்விட்டது. மலாக்கா ஊரின் காஜா பேராங் பகுதியில், ரப்பரை நசுக்கித் தகடாக்கும் ஆலை ஒன்றில், உருளை இயந்திரங்களின் பக்கத்திலேயே அவளுக்கு வேலை. முதலில் கொலுசுச் சத்தம் கேட்காமல் போனது. பிறகு மழை. அதன் பிறகு, கணவன் பொன்னுதுரை பின்னாலிருந்து கூப்பிடுவது. உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிக்கொண்டாள்.

"செவிடி" என்று யாராவது முகத்துக்கு நேரே சொன்னால், "ஆமா, செவிடிதான். என்னா வேணும்?" என்று கேட்பாள். கேட்டவர் நகர்ந்துவிடுவார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் எந்த நாளில் வரும் என்று அறிவிப்பதற்காக மலாக்காத் திடலில் கூட்டம் நடந்தபோது, பஸ் ஓட்டுநரான பொன்னுதுரை அவளையும் அழைத்துப் போனான். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் அவள் ஒரு பெரிய பெட்டி ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்து, விடுதலை என்பதை மலாயில் "மெர்டேக்கா!" என்று கத்தின. அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் நெஞ்செலும்பு அதிர்ந்தது. வயிறு அதிர்ந்தது. தள்ளிப்போகச் சொல்லி ஒருவர் தன் காதைத் தொட்டுச் சைகை காட்டினார்.

"போறதுக்கு இனிமே என்னா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, அவள் இன்னும் ஓரடி முன்னால் போனாள்.

அந்த அதிர்வு வீட்டிலும் வேண்டும் என்று அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு. சில வருடங்களில் ஸ்டீரியோ பெட்டிகள் ஊருக்கு வந்தன. தன் சம்பளத்தில் சேர்த்து ஒன்று வாங்கப்போவதாக வீட்டில் சொன்னாள். பக்கத்து வீட்டில் இருந்த நாத்தனார் சாரதாம்பாள் சிரித்தாள்.

"காது கேக்காதவளுக்கு ஸ்டீரியோவா? என் தம்பிக்கு ஒரு சின்ன ரேடியோ வாங்கிக் கொடு. அவனாச்சும் கேப்பான்."

"அவருக்கு வேணும்னா அவரு வாங்கிக்குவாரு, அண்ணி."

ஜாலான் பெண்டஹாரா தெருவில் அப்துல் அஜீஸின் ரேடியோ கடைக்குத் தனியாகவே போனாள். அவர் முதலில் காட்டியது பளபளப்பான ரேடியோகிராம். இசைத்தட்டு சுழன்றது. அவள் அதன் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று தலையாட்டினாள். ஒன்றுமில்லை.

அடுத்து, இடுப்பு உயரத்துக்கு நின்ற இரண்டு ஒல்லிப் பெட்டிகள். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. கடையில் இருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்கள். அவள் கையில் ஈ ஊர்வது போல ஏதோ ஊர்ந்தது, அவ்வளவுதான்.

"இதுக்கு மேல என்னாக்கா வேணும்? வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு வாங்க. அவரு கேட்டுச் சொல்லட்டும்" என்றார் அஜீஸ்.

அவள் அவர் உதட்டையே பார்த்தாள். "அவரு காது நல்லாத்தான் இருக்கு, பாய். நான் வாங்க வந்தது என் உடம்புக்கு. அதோ, அது என்னா?"

மூலையில் துணி போர்த்திய ஒரு தாழ்ந்த பெட்டி கிடந்தது. சினிமாக் கொட்டகை ஒன்றுக்காக வரவழைத்து, அவர்கள் வேண்டாம் என்று விட்டுப்போன ஸ்பீக்கர். வட்டம் ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்கு இருந்தது.

"அது திம்திம்னு அடிச்சத்தம் மட்டும்தான் தரும். வீட்டுக்கு ஆவாது."

"போடுங்க."

அஜீஸ் சலித்துக்கொண்டே கம்பிகளை மாட்டி, நாதஸ்வரத் தட்டு ஒன்றை வைத்தார். கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டிமேல் இரண்டு கைகளையும் பதித்தாள். தவில் அவள் முழங்கை வழியாக ஏறித் தோளில் இறங்கியது. கல்யாணத்தன்று கேட்ட தவில். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக. அவள் கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"அந்த ரெண்டு ஒல்லிப் பெட்டியும் அவருக்கு. இது எனக்கு. மூணையும் சேத்து மாட்டித் தர முடியுமா, முடியாதா?"

அஜீஸ் மூன்று பெட்டிகளின் கம்பிகளையும் திருப்பிப் பார்த்தார். "முடியும்" என்றார்.

அவர்களுடையது கம்பம் எனப்படும் கிராமக் குடியிருப்பில், பலகைத் தரை போட்ட வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டிகளை மாட்டித் தட்டைப் போட்டதும் தரை முழுக்கத் தவிலானது. கமலவேணி மல்லாந்து படுத்துச் சத்தம் போட்டுச் சிரித்தாள். பொன்னுதுரை ஒல்லிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாட்டைக் கேட்டான்.

சாரதாம்பாள் விடுவிடுவென்று படியேறி வந்தாள். "என் வீட்டு அலமாரியில பாத்திரமெல்லாம் ஆடுது! கம்பமே சிரிக்குது!" தானே போய்ச் சுவிட்சை அணைத்தாள்.

கமலவேணி எழுந்தாள். சுவிட்சைப் போட்டாள். சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"ஆலையில மெஷின் ஓடுனப்ப ஒருத்தரும் வந்து நிறுத்தலயே, அண்ணி. என் காது போற வரைக்கும் ஓடுச்சி. இது பாட்டு முடியிற வரைக்கும் ஓடும்."

சாரதாம்பாள் தம்பியைப் பார்த்தாள். எப்போதும் அக்கா பேச்சுக்குத் தலையாட்டுகிறவன், இப்போது தலையைக் குனிந்துகொண்டான். பிறகு நிமிர்ந்து, "பாத்திரத்தத் தரையில எடுத்து வைங்கக்கா" என்றான்.

அதற்குப் பிறகு நாத்தனார் அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. தைப்பூசத்தில் எதிரே வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கமலவேணி போய்ச் சமாதானம் பேசவில்லை. ஞாயிறுதோறும் பலகை அதிர்ந்தது. ஆலையில் வேலை செய்த பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்து அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் காது மந்தமாகத் தொடங்கியிருந்தது.

சில வருடங்களில் பெரிய ஸ்பீக்கரின் உள்ளே அதிரும் வட்டத்தாள் கிழிந்தது. "போதும், விட்டுடு வேணி" என்றான் பொன்னுதுரை. அவள் பெட்டியை மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் ஏற்றிக்கொண்டு அஜீஸ் கடைக்குப் போனாள்.

"தாள் மாத்தித் தரேன்க்கா" என்றார் அவர்.

"மாத்துங்க. அதுக்குள்ள, இதவிடப் பெருசு வந்திருந்தா காட்டுங்க பாய்."